அப்புத்தளை முகட்டில் காற்றைப் படித்தல்

மலைச்சரிவிலிருந்து பறக்கப் பழகிய மனிதரின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் இரண்டு ஆண்டுகள் எனக்குச் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். 1891இல் ஜெர்மனியில் ஒட்டோ லிலியெந்தால், தாமே கட்டிய சிறகுகளோடு மேட்டிலிருந்து ஓடிக் குதித்துப் பறந்தார். (இராவணனின் புட்பக விமானத்தை ஊவாவின் சுற்றுலா வழிகாட்டிகள் சலிக்காமல் பேசுவார்கள். நான் அதற்குள் போகவில்லை.)

லிலியெந்தாலுக்கு வாய்க்காதது மலைதான். பெர்லின் புறநகர் சமதரை. ஆகவே 1894இல் மண்ணைக் குவித்துச் சுமார் 15 மீற்றர் உயரக் குன்றொன்றை எழுப்பிக்கொண்டார். எத்திசைக் காற்றையும் எதிர்கொண்டு ஓட வசதியாக அது கூம்பு வடிவில் அமைந்தது. உடலை இப்புறமும் அப்புறமும் சாய்த்தே சிறகைத் திருப்பினார். இன்றைய ஹாங் கிளைடருக்கும் அதுவே அடிப்படை. ஏறத்தாழ 2,000 தடவை பறந்தபின், 1896 ஆகஸ்ட் 9இல் விழுந்து மறுநாள் இறந்தார்.

அப்புத்தளைக்குச் செயற்கைக் குன்று வேண்டியதில்லை. ஊரே கத்திமுனை போன்ற முகட்டில் நிற்கிறது. ஒருபுறம் ஊவாவின் மேட்டுநிலம்; மறுபுறம் தென்சமவெளியை நோக்கிய செங்குத்தான சரிவு. தென்மேல் பருவத்தில் காற்று அச்சரிவில் மோதி மேலெழும். பறப்பவரைத் தாங்குவது அந்த எழுச்சியே. ஆனால் முகட்டைத் தாண்டியதும் அதே காற்று ஈரத்தை இழந்து, சுழன்று கீழிறங்கும். ஊவாவில் அதைக் கச்சான் என்பார்கள். அந்தச் சுழிக்குள் அகப்படும் துணிச்சிறகு மடங்கிவிடும். பழகுபவர் முதலிற் படிக்கவேண்டியது சிறகையல்ல, காற்றையே. அந்தப் பாடத்தைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் தலைமுறைகளாக அறிவார்கள் என்பது என் எண்ணம்.

1978 ஜூனில் பிரான்சின் மியூசி என்னும் மலையூரில் ழான்-குளோட் பெத்தான் உள்ளிட்ட மூவர் பாராசூட்டோடு சரிவிலிருந்து ஓடிக் கிளம்பினர். பாராகிளைடிங் ஒரு விளையாட்டாக வளர்ந்தது அங்கிருந்துதான். அதே ஆண்டுகளில் மலையகப் புகையிரத நிலையங்களில் நிகழ்ந்தது வேறு. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றோரானவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்றது 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அதன்படி பெட்டி படுக்கையோடு தலைமன்னாருக்கு இறங்கிக்கொண்டிருந்தது ஒரு சமூகம். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. லயன் அறை மாத்திரம் அவற்றில் வாழ்ந்தவருக்குச் சொந்தமாகவில்லை. ஓடிக் கிளம்ப ஒரு துண்டுச் சரிவு வேண்டும். அதில் ஓடவும் எவரிடமாவது அனுமதி பெறவேண்டும். மலையில் பிறந்தவன் பறக்கப் பழகாததற்கு வேறு காரணம் தேடுவானேன்?

பறக்கக் கற்பவருக்கு முதலில் சொல்லப்படுவது, இறங்குமிடத்தைப் பார்த்துவிட்டு மலையேறு என்பது. அப்புத்தளை முகட்டின் தெற்குச் சரிவில், கொஸ்லந்தைப் பக்கம், மீரியபெத்தை லயன்கள் இருந்தன. நிலம் சரியலாம் என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மண் இறங்கி லயன்களை மூடியது. தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன.