கவுலும் சான்றிதழும்



மக்கள் தொடர்பு என்பது இன்று இளைஞர் பலர் நாடும் தொழில்களுள் ஒன்று. அரசு அலுவலகம், மருத்துவமனை, ஆலை, வங்கி, பல்கலைக்கழகம் ஆகிய எங்கும் மக்கள் தொடர்பு அலுவலர் ஒருவர் இருக்கக் காண்கிறோம். நிறுவனத்தின் செய்தியை மக்களுக்கு எடுத்துரைப்பதும், மக்களின் எண்ணத்தை நிறுவனத்தாருக்கு எடுத்துச் சொல்வதும் அவருடைய பணி. இத்தொழிலில் புக விரும்பும் மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: “ஐயா, இத்தொழிலுக்கென அமைந்த சங்கங்கள் சில, தேர்வு வைத்து அங்கீகாரம் வழங்குகின்றனவாமே! அதனைப் பெறுவதால் பயன் உண்டா? திறமை இருந்தால் போதாதா?”

வினா நியாயமானது. எளிய குடும்பத்துப் பிள்ளை பணமும் காலமும் செலவிட்டுப் பெறவேண்டிய ஒன்றைப் பற்றி இவ்வாறு ஆராய்ந்து கேட்பதே முறை. இதற்கு விடையை வரலாற்றில் தேடுவோம். அதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்துக்கு அண்மையிலுள்ள வேடந்தாங்கல் வரை சென்றால் போதும்.

தாங்கல் என்பது சிற்றேரியைக் குறிக்கும் சொல். வேடரின் பெயரைத் தாங்கிய அவ்வூர், பறவைகளைக் காப்பதில் புகழ்பெற்றது என்பது வியப்பன்றோ! மழைக்காலம் தொடங்கியதும் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன் முதலிய பறவைகள் ஏரியினுள் நிற்கும் கடம்ப மரங்களில் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் ஏரிநீரில் கலந்து உரமாகிறது. அந்நீர் பாய்ந்த நெல்வயல் செழிக்கிறது. ஆதலால் அவ்வூர் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைத் தங்கள் செல்வமாகக் கருதிக் காத்துவந்தனர். அதற்கு அவர்கள் எவரிடமும் தேர்வு எழுதவில்லை. எந்தப் பத்திரமும் பெறவில்லை.

ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் இடர் நேர்ந்தது. செங்கற்பட்டுப் பகுதி அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியுடன் வந்து ஏரியிலிருந்த பறவைகளைச் சுட்டனர். ஊரார் தடுத்தால் அவர்கள் கேட்பரோ? பறவைக்கும் வயலுக்கும் உள்ள உறவு ஊராருக்குத் தெரியும்; சிப்பாய்க்குத் தெரியாது. ஊராரை அவன் அறியான். அவர்கள் சொல்லை மதிக்க வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை. ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டனர். அவர் 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு வழங்கி ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார்.

கவுல் என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல். கொடுத்த சொல், வாக்குறுதி என்பது அதன் பொருள். இங்கே ஒன்றை ஊன்றி நோக்குங்கள். அக்கவுல் ஊராருக்குப் புதிதாக எந்தத் திறமையையும் தரவில்லை. அவர்கள் முன்பே செய்துவந்த காவலை, அவர்களை அறியாத அயலாரும் மதிக்கும்படி செய்தது, அவ்வளவே. ஆனால் அந்த ‘அவ்வளவே’ என்பதில்தான் பறவைகளின் உயிர் இருந்தது. சான்று என்பது நம்மை அறிந்தவர்க்கு வேண்டுவதில்லை. நம்மை அறியாதவர்க்கே வேண்டும். இஃது இன்றைய பேச்சின் முதற்கருத்து.

நான் சார்ந்த ஆசிரியத் தொழிலின் வரலாறும் இதனையே காட்டுகிறது. திண்ணைப் பள்ளி ஆசிரியரின் தகுதியை ஊரே அறியும். அவருக்குப் பத்திரம் எதற்கு? ஆயின் அரசு பணம் கொடுத்து மாகாணமெங்கும் பள்ளிகள் நடத்தப் புகுந்தபோது, எங்கோ இருக்கும் அதிகாரி ஓர் ஆசிரியரின் தகுதியை எவ்வாறு அறிவது? 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கை ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் பள்ளிகள் வேண்டும் என வலியுறுத்தியது. சென்னையில் 1856-இல் அத்தகைய பள்ளி ஒன்று தோன்றிற்று. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. பயிற்சி பெற்ற ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பயிற்சிச் சான்றிதழ் எனக்குப் பள்ளியின் கதவைத் திறந்துவிட்டது. வகுப்பறைக்குள் நுழைந்தபின் பிள்ளைகளில் ஒருவர்கூட அதனைக் காட்டுமாறு கேட்கவில்லை. அங்கே பாடம் நடத்தித்தான் மதிப்பைப் பெற வேண்டியிருந்தது.

இனி மக்கள் தொடர்புத் தொழிலுக்கு வருவோம். அமெரிக்க நாட்டில் செய்தியாளராக இருந்த ஐவி லீ என்பவர், 1906-இல் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது பத்திரிகைகளுக்குக் கொள்கை அறிக்கை ஒன்றை அனுப்பினார். தம் பணி வெளிப்படையாக நடைபெறும். தாம் தரும் செய்தி துல்லியமாக இருக்கும் என்பது அதன் சாரம். இதுவும் ஒரு கவுல்தான். ஆனால் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட கவுல். அதனை மீறினால் கேட்பார் இல்லை.

அக்குறையின் விளைவை எட்வர்ட் பெர்னேசின் வாழ்க்கையில் காணலாம். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் அவர், 1929-இல் நியூயார்க் நகரத்து ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட்டுடன் நடக்கச் செய்து, அதனை விடுதலையின் தீபம் என்று விளம்பரப்படுத்தினார். புகையிலை நிறுவனம் ஒன்றுக்காகச் செய்த வேலை அது. திறமைக்குக் குறைவில்லை, மக்கள் நலனுக்கோ கேடு. அதே பெர்னேஸ் தம் முதுமையில், மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் மக்கள் தொடர்பாளருக்கும் அரசு உரிமம் கட்டாயமாக வேண்டும் என்று வாதாடினார். 1995-இல் அவர் மறைந்தார்; அவர் விரும்பிய உரிமம் வரவில்லை. நம் நாட்டிலும் வழக்கறிஞர்க்கு 1961-ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. மக்கள் தொடர்புக்கு அத்தகைய உரிமச் சட்டம் இல்லை. யாரும் இத்தொழிலைச் செய்யலாம்.

சட்டம் செய்யாததைச் சங்கங்கள் செய்ய முற்பட்டன. அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கம் 1947-இல் தோன்றி, 1964-இல் அங்கீகாரத் திட்டத்தைத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1948-இல் தோன்றிய மக்கள் தொடர்புக் கழகம் 2005-இல் அரச பட்டயம் பெற்றது. உலகச் சங்கம் 1965-இல் ஏதென்சு நகரில் ஒழுக்கநெறி ஒன்றை ஏற்றது; ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனமே அதற்கு அடிப்படை. இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1958-இல் உருவாகி, 1966-இல் பதிவு பெற்றது. 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் புதுதில்லியில் கூடிய அதன் மாநாடு ஒழுக்கநெறியை ஏற்றுக்கொண்டது. அந்நாளே இன்று தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அப்படியாயின் அங்கீகாரம் பெறுவதால் விளையும் பயன் யாது? மூன்று எனலாம். முதலாவது, முன்பின் அறியாத ஊரிலும் நாட்டிலும் வேலை தேடுவோர்க்கு அஃது அறிமுகமாக நிற்கும். பெரிய குடும்பத்துத் தொடர்போ, செல்வாக்குள்ளவரின் பரிந்துரையோ இல்லாத இளைஞனுக்கு இவ்வறிமுகம் பெருந்துணை. இரண்டாவது, தேர்வுக்காகப் படிக்கும்போது ஆய்வு, திட்டமிடல், செயற்படுத்தல், மதிப்பிடல் என்னும் ஒழுங்குமுறை கைவரும். மூன்றாவதே தலையாயது. பொய்யான அறிக்கையை எழுதுமாறு மேலதிகாரி பணிக்கும்போது, ‘என் தொழில்நெறி இதற்கு இடந்தராது’ என்று பணிவுடன் மறுக்க ஒரு பிடிமானம் கிடைக்கும். தனிமனிதன் மறுத்தால் அது பிடிவாதம். தொழில்நெறியைக் காட்டி மறுத்தால் அது கடமை.

அதன் எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள். அங்கீகாரம் சட்ட உரிமம் ஆகாது. வேலைக்கு உறுதியும் ஆகாது. கல்வி முடித்த மறுநாளே ஓடிப் பெறவேண்டியதும் அன்று. அமெரிக்கத் திட்டத்தில் தேர்வு எழுதுவோர்க்கு ஐந்தாண்டு அனுபவம் இருத்தல் நன்று எனப் பரிந்துரைக்கிறார்கள். பெற்றபின்னும் மூன்றாண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து கற்றதைக் காட்டிப் புதுப்பித்தல் வேண்டும். பணம் கட்டியவுடன் பட்டம் தருவோரும் உலகில் உண்டு. வழங்குபவர் யார், எதைச் சோதிக்கிறார், தவறினால் திரும்பப் பெறுவாரா என்ற மூன்றையும் விசாரித்த பின்னரே பணம் கட்டுங்கள். வழங்குபவரின் சொல்லுக்கு மதிப்பு இல்லையேல், அவர் தரும் தாளுக்கும் இல்லை.

வேடந்தாங்கலின் கவுலும் ஒருமுறை பெற்றதோடு நின்றுவிடவில்லை. 1858-இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் ஏரி பறவைகள் சரணாலயமாக ஏற்கப்பட்டது. 1998-இல் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கம்பெனி போயிற்று, மகுடம் போயிற்று, வழங்கியோர் மாறினர். தாள்மேல் தாளாக அங்கீகாரம் வந்ததற்குக் காரணம், தாளுக்குப் பின்னால் மாறாத காவல் ஒன்று இருந்தது. தீபாவளியன்றும் பறவைகள் அஞ்சுமே என்று வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் அது. எந்தக் கவுலும் அவ்வாறு செய்யக் கட்டளையிட்டதன்று.

சான்று என்னும் சொல்லிலிருந்தே சான்றிதழ் பிறந்தது. சான்றோர், சான்றாண்மை என்பனவும் அதன் உறவினவே. திறமையை முதலில் தேடுங்கள். அயலார் அறியும் பொருட்டு அதற்குத் தக்க சான்றிதழையும் பெறுங்கள். அதில் நாணவேண்டுவது ஒன்றுமில்லை. பெற்றபின், அதில் எழுதியிருக்கும் சொல்லைக் காப்பாற்றுங்கள். வாக்கையே தொழிலாகக் கொள்ளப் புகுவோர்க்கு, கொடுத்த வாக்கைக் காப்பதைவிடச் சிறந்த முதலீடு வேறில்லை.