பெரட்டுக்களமும் பள்ளி முற்றமும்: ஊவாத் தோட்டப் பாடசாலைகளில் உடலியக்கமும் ஆசிரியர் பயிற்சியும்

தோட்டப் பாடசாலைகளின் வரலாற்றை ஆராய்வோர் சட்டங்களையும் கட்டடங்களையும் எழுத்தறிவு வீதத்தையுமே பெரிதும் நோக்குவர். அப்பாடசாலையில் பிள்ளையின் உடல் எவ்வாறு நோக்கப்பட்டது என்னும் வினா அதிகம் எழுப்பப்படுவதில்லை. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை மனத்திற்கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

தோட்டத்து வழக்கிலுள்ள ‘பெரட்டு’ என்னும் சொல் படை அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகும். விடியற்காலையில் தொழிலாளர் வரிசையாக நின்று வேலை பங்கிடப்பெறும் இடமே பெரட்டுக்களம். வரிசை, கட்டளை, கீழ்ப்படிதல் ஆகியவற்றைத் தோட்டத்துப் பிள்ளை பள்ளிக்குச் செல்லுமுன்னரே அங்குக் கண்டறிந்தது. ஆகவே, பள்ளியில் உடற்பயிற்சி என்பது ‘நேராக நில், திரும்பு’ என்பதோடு முடியுமாயின், அது பெரட்டின் தொடர்ச்சியாகவே அமையும்.

பேரரசின் மையத்திலும் இச்சிக்கல் இருந்தது. போயர் யுத்தத்திற்கு ஆட்சேர்த்தபோது பலர் உடற்றகுதியற்றோராய்க் காணப்பட்டமை பிரித்தானியாவில் பெருங் கவலையை விளைத்தது. 1904இல் உடல்நலிவு பற்றிய விசாரணைக் குழு அறிக்கை வெளியிட்டது. 1909, 1919, 1933 ஆகிய ஆண்டுகளில் பாடசாலைகளுக்கான உடற்பயிற்சிப் பாடத்திட்டங்கள் வெளிவந்தன. அவை வகுப்பாசிரியரையே முதன்மையாகக் கருத்திற்கொண்டிருந்தன என்பதும், 1919ஆம் ஆண்டுத் திட்டம் இராணுவப் பயிற்சி முறையிலிருந்து விலகி விளையாட்டுக்கும் மகிழ்ச்சிக்கும் இடமளித்தது என்பதும் குறிப்பிடத்தக்கன. அதே யுத்தத்தின் போயர் கைதிகள் 1900 முதல் ஊவாவின் தியத்தலாவையில் சிறைவைக்கப்பட்டனர். யுத்தத்தின் கைதிகள் ஊவாவுக்கு வந்தனர். யுத்தம் தந்த கல்விப் பாடமோ அயலிலிருந்த லயங்களை எட்டவில்லை.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதியளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் விட்டது. விளைவு, பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலையே. ஓர் அறையில் பல வகுப்புகளைக் கட்டிமேய்க்கும் ஆசிரியருக்குப் பிள்ளைகளை அசையாது இருத்துவதே ஒழுங்காகத் தோன்றியதில் வியப்பில்லை. 1920இல் எச். சி. பக் சென்னையில் நிறுவிய வை. எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரி போன்றவை உடற்கல்வியைத் தனித்துறையாக வளர்த்தன. ஆனால் அத்தகைய சிறப்பாசிரியரை நியமிக்கும் வசதி ஓராசிரியர் பள்ளிக்கு ஏது? அங்கு வகுப்பாசிரியரே உடற்கல்வி ஆசிரியருமாவார். அவருக்குப் பயிற்சியில்லையேல் அக்கல்வியே இல்லை.

1960–61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் புறத்தே விடப்பட்டன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னர், 1977 முதலே அவை படிப்படியாக அரசின்கீழ் வந்தன. 1980களில் சுவீடன் நாட்டு உதவியும், பின்னர் ஜெர்மானிய உதவியுடன் கொட்டகலை, பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் மலையக இளைஞர் பயிற்சிபெற்ற ஆசிரியராக வழிவகுத்தன.

1999இல் நாடளாவிய நிலையில் தொடங்கிய ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் ஒரு திருப்புமுனையாகும். விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை ஆகிய மூன்றையும் அது கற்றல் முறைகளாக ஏற்றது. முதலிரு தரங்களில் விளையாட்டுக்கே முதன்மை அளித்தது. உடலியக்கம் தனியொரு பாடவேளைக்குரியதன்று, கணிதத்திலும் மொழியிலும் ஊடாடவேண்டியது என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது. எனினும், ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்க நெருங்க மேசைவேலை ஏனையவற்றை விழுங்கிவிடுகிறது. பயிற்சியின்போது தாமே ஆடியும் ஓடியும் கற்பிக்கப் பழகாத ஆசிரியர், நெருக்கடி வந்ததும் கரும்பலகையையே நாடுவர்.

மலைச்சரிவில் மைதானம் இல்லை என்பது நியாயமான முறைப்பாடே. ஆயின் கும்மிக்கும் கோலாட்டத்திற்கும் கிளித்தட்டுக்கும் பெரிய மைதானம் வேண்டியதில்லை. படிக்கட்டில் ஏறியிறங்கி எண்ணலாம். காமன்கூத்தின் அடவுகளால் தாளமும் பின்னமும் உணர்த்தலாம். இவற்றைப் பாடமாக்கும் திறனே ஆசிரியர் பயிற்சியின் பொருளாக வேண்டும்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். நாள்தோறும் மலையேறி நடந்துவரும் பிள்ளைக்கு மேலும் இயக்கம் எதற்கு? 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. ஆனால் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமற்றோர். தேசிய அளவில் அது 17 விழுக்காடே. எனவே மதிய உணவைப் பேசாது உடலியக்கம் பேசுவது பொறுப்பாகாது. எனினும் உழைப்பின் களைப்பும் விளையாட்டின் களிப்பும் ஒன்றல்ல. முன்னது பிறர் கட்டளைக்கு உடலை ஒப்படைப்பது. பின்னது உடலைத் தனதென உணர்வது.

நூறாண்டுகளுக்கு மேலாகத் தோட்டத்துப் பிள்ளையின் உடல் நாளைய கொழுந்துக் கூடையைச் சுமக்கும் உடலாகவே மதிப்பிடப்பட்டது. அம்மதிப்பீட்டை மாற்றும் பணி பள்ளி முற்றத்தில் தொடங்க வேண்டும். அதற்குரிய ஆசிரியரை உருவாக்குவது சலுகையன்று. நீண்டகாலமாக நிலுவையிலுள்ள உரிமையாகும்.