மணியாச்சிப் பாளையக்காரரும் கும்பினியின் போரும்

மணியாச்சி என்றவுடன், 1911 ஜூன் 17 அன்று அவ்வூர் இரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் வாஞ்சிநாதனால் சுடப்பட்டதே நம் நினைவுக்கு வருகிறது. ஆயின் அதற்கு ஏறத்தாழ நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன்னர், அதே மணியாச்சியின் பாளையக்காரர் ஆங்கிலேயக் கும்பினியின் பக்கம் நின்றார் என்பதைச் சிலரே அறிவர். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றைக் கற்கும் நாம் இதனை ஆராய்வது தகும்.

1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால், பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரத்தை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினியார் பெற்றனர். அதனை எதிர்த்த பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் சிறையினின்று தப்பிய ஊமைத்துரை கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச் 31 அன்று அதனைத் தாக்கிய கும்பினிப் படை தோற்றுப் பின்வாங்கியது. மே 24 அன்றே கோட்டை வீழ்ந்தது. பறிமுதலான நிலங்களில் எட்டயபுரம், மணியாச்சி, மேல்மாந்தை ஆகிய பாளையங்கள் பங்கு பெற்றன.

இதனைத் துரோகம் என்று சொல்லி முடித்துவிடலாமா? பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சின் தென்மேற்கிலுள்ள கஸ்கோனி நாட்டுப் பிரபுவாகிய ழான் த கிரெயி, 1356இல் புவாத்தியே போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று பிரெஞ்சு அரசனை எதிர்த்துப் போரிட்டார். ஆங்கில மன்னனே கஸ்கோனிக்குத் தலைவன். பிரெஞ்சு அரசனோ தொலைவிலிருந்தவன். பின்னர் சிறைப்பட்டும் தம் பற்றை விடாமல் 1376இல் பாரிசில் மாண்டார். கரிசல் நாட்டிலும் 'தேசம்' என்னும் எண்ணம் அன்று உருப்பெறவில்லை. பாளையக்காரருக்கு அண்டைப் பாளையத்தின் பகையும் எல்லைத் தகராறுமே கண்முன் நின்றன; கும்பினியோ கப்பம் கேட்கும் மேலாதிக்கமாக மட்டுமே தோன்றிற்று.

எனினும் அவர் பெற்ற கூலியையும் நாம் எடைபோட வேண்டும். 1801 டிசம்பர்ப் பிரகடனம் பாளையக்காரரின் ஆயுத உரிமையை நீக்கிற்று. 1803இல் எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. எதிர்த்தவன் நிலத்தை இழந்தான். துணைநின்றவன் வாளை இழந்து வரி செலுத்துபவனானான். ஜமீன் முறையும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.

நம் திருச்சபையும் இக்கதைக்குப் புறம்பானதன்று. கட்டபொம்மன் மாண்ட அதே 1799இல் முதலூர் தோன்றிற்று. போர் ஓய்ந்தபின் 1802இல் கெரிக்கே ஐயர் இப்பகுதிக்கு வந்து திரளானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல் அத்தியட்சரும் கும்பினியின் ஆவணங்களைப் பெரிதும் சார்ந்தே எழுதினார். அவ்வாவணங்களில் துணைநின்றவர் இராஜவிசுவாசி, எதிர்த்தவர் கலகக்காரர். வென்றவர் இட்ட இப்பெயர்களை நாம் ஆராயாமல் ஏற்றோம். இன்றோ சிலர் அவற்றைத் தலைகீழாக்கி, அதே அவசரத்துடன் தீர்ப்புக் கூறுகின்றனர்.

தாவீது சவுலுக்கு அஞ்சிப் பெலிஸ்தரின் அரசனாகிய ஆகீசிடம் சேவகம் செய்து, சிக்லாகைப் பெற்றதை வேதம் மறைக்கவில்லை; அதனைப் புகழவும் இல்லை. அந்நிதானமே நமக்கு வேண்டும். நம் சபைகளில் எதிர்த்தோரின் வழியினரும் துணைநின்றோரின் வழியினரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். முன்னோரின் பெயரால் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்காதபடி அவர்களுக்குப் போதிப்பது ஆயரின் கடமையாகும். அதற்கு முதற்படி, வரலாற்றை உள்ளபடி கற்பதே.