வைரஸ் மீது விழுந்த பழி

2003 ஆகஸ்ட் 11 இல் 'பிளாஸ்டர்' என்னும் கணினிப் புழு உலகெங்கும் பரவத் தொடங்கியது. வின்டோஸ் எக்ஸ்பி இயங்கிய கணினிகளின் திரையில் ஓர் அறிவித்தல் தோன்றி 60 விநாடிகளைப் பின்னோக்கி எண்ணும். எண்ணி முடிந்ததும் கணினி தானாகவே அணைந்து மறுபடியும் உயிர்பெறும். அன்றிலிருந்து நெடுங்காலத்துக்கு, தானாக அணைந்து எழும்பும் கணினி எதைக் கண்டாலும் 'வைரஸ்' என்று சொல்லிவிடுவது எங்கள் கண்டியிலும் வழக்கமாயிற்று.

அதே ஆண்டுகளில் வேறொரு நோயும் கணினிகளைப் பீடித்திருந்தது. தாய்ப்பலகையில், மையச் செயலியைச் சுற்றிச் சிறிய உருளைகள் வரிசையாக நிற்கும். அவை கொள்ளளவிகள், செயலிக்குச் செல்லும் மின்னழுத்தத்தை ஏற்றத்தாழ்வின்றிச் சீராக்குபவை. அவற்றுள் நிரப்பப்பட்ட மின்பகுதிரவம் தரமற்றதாயின், அதிலுள்ள நீர் அலுமினியத்தோடு தாக்கமுற்று ஐதரசன் வாயுவை உண்டாக்கும். உருளையின் தலை புடைக்கும். சிலவேளை வெடித்துக் கபில நிறத் திரவம் கசியும். ஜப்பானில் உருவான சூத்திரமொன்று அரைகுறையாகத் திருடப்பட்டுத் தாய்வானுக்குப் போனதே இதற்குக் காரணம் என்று அக்காலத்தில் பரவலாக எழுதப்பட்டது. சுவையான கதைதான். ஆனால் பின்னாளில் பெரும் வழக்குக்கு உள்ளான டெல் கணினிகளில் இருந்தவை ஜப்பானின் நிச்சிகோன் நிறுவனத்தின் கொள்ளளவிகள்.

இந்நோயின் சூது என்னவெனில், கணினி சும்மா இருக்கையில் அது வெளிப்படாது. பாரமான வேலையைக் கொடுத்ததும் செயலி கூடுதல் மின்னோட்டத்தைக் கேட்கும், நலிந்த கொள்ளளவி ஈடுகொடுக்காது, கணினி விழும். அந்நேரம் திரையில் திறந்திருந்த மென்பொருளே குற்றவாளியாகிவிடும். போதாக்குறைக்கு, கோளாறு நேர்ந்தவுடன் தானாக மீளத் தொடங்கும்படியே எக்ஸ்பி அமைக்கப்பட்டிருந்தது. காரணம் சொல்லும் நீலத்திரை கண்ணில் படுமுன்னரே மறைந்துவிடும்.

கண்டியில் கோயில் அறிவித்தல்களும் திருமண அழைப்பிதழ்களும் அச்சிடும் சிறிய அச்சகமொன்றில் 2004 இல் நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன். பேஜ்மேக்கரில் பெரிய படத்தைச் சேர்க்கும்போதெல்லாம் கணினி அணைந்தது. முதலில் பேஜ்மேக்கர் குற்றஞ்சாட்டப்பட்டது. பின்னர் பாமினி எழுத்துரு. இறுதியில், தோட்டப்புறத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து தட்டச்சுச் செய்த பெண்பிள்ளை. அவர் கொண்டுவந்த பாட்டு இறுவட்டிலிருந்து வைரஸ் தொற்றியதாம். மூன்று தடவை வின்டோஸ் புதிதாக நிறுவப்பட்டது. செலவை அவருடைய சம்பளத்தில் கழித்தார்கள். அடுத்த மாதம் அவர் வேலைக்கு வரவில்லை.

பிறகு கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். பல்லாண்டுகள் ரேடியோ திருத்தியவர். கணினியைத் தொடுமுன் ஒரு கேள்விதான் கேட்டார்.

"முதலாளி, வின்டோஸ் போடுற நேரத்திலயும் இது நின்றதா?"

"ரெண்டு தரம் நின்றது."

"அப்ப பேஜ்மேக்கரே உள்ளுக்கு இல்லையே. அது எப்படிப் பிழை செய்யும்?"

பக்கத் தகட்டைக் கழற்றிக் கைவிளக்கை அடித்தார். நான்கு உருளைகளின் தலை புடைத்திருந்தது. பழைய ரேடியோக்களில் அவர் எத்தனையோ தடவை கண்ட காட்சி. நான்கையும் மாற்றிப் பற்றாசு வைத்தார். கணினி மேலும் சில ஆண்டுகள் உழைத்தது. அந்தப் பெண்ணிடம் கழித்த பணம் என்னவாயிற்று என்று கேட்டேன். முதலாளி பேச்சை மாற்றிவிட்டார்.

சிற்றூர் அச்சகத்தின் அறியாமை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் நிறுவனம் அனுப்பிய 1 கோடியே 18 இலட்சம் ஒப்டிபிளெக்ஸ் கணினிகளைப் பற்றி 2007 இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அதன் ஆவணங்கள் 2010 இல் வெளிவந்தபோது, பழுதான கொள்ளளவிகள் கொண்டவற்றில் மூன்றாண்டுகளுக்குள் 97 வீதம்வரை கோளாறு தோன்றலாம் என்று அந்நிறுவனமே கணித்திருந்தது தெரியவந்தது. ஆயினும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத்துறைக் கணினிகள் பழுதானபோது, கடினமான கணக்குகளைச் செய்யவைத்து இயந்திரங்களை வருத்திவிட்டீர்கள் என்றே அதற்கு விளக்கம் சொல்லப்பட்டிருந்தது. அவ்வழக்கில் டெல்லுக்காக வாதாடிய சட்ட நிறுவனத்திலும் இத்தகைய கணினிகள் ஆயிரம் வரை இருந்தன. அவற்றைத் திருத்திக் கொடுப்பதற்கும் டெல் தயங்கியதாம்.