விளையாட்டின் துணைநிரல்களும் சந்தைப் பாடமும்

சந்தை விலை அறியாமல் விற்றால், சேர்வராயன் மலைக் காப்பி விவசாயிக்கு நட்டம்தான். இணையவழிக் கற்பனை விளையாட்டுகளிலும் நிலை இதுவே.

2004-இல் வெளிவந்த ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில், ஆடுவோர் தாம் ஈட்டிய பொருள்களை ஏலத்தில் விற்கின்றனர். ‘ஆக்‌ஷனேட்டர்’ என்னும் துணைநிரல் ஏல விலைகளைத் திரட்டிக் காட்டுகிறது. ‘டெட்லி பாஸ் மாட்ஸ்’ எதிரியின் தாக்குதலை முன்கூட்டியே எச்சரிக்கிறது. ‘க்வெஸ்டி’, ‘கிளாசிக்’ பதிப்பில் பணிகள் உள்ள இடங்களை வரைபடத்தில் குறிக்கிறது.

இவை 1993-இல் பிரேசிலில் உருவான ‘லுவா’ நிரல்மொழியில் எழுதப்படுபவை. துணைநிரலுக்குக் கட்டணம் கூடாது. நிரல் மறைவின்றி இருக்க வேண்டும் என 2009-இல் பிளிஸார்ட் நிறுவனம் விதித்தது. எனவே, இவை ஒருவகைப் பொதுச் சொத்து.

ஆயினும், எச்சரிக்கை தேவை. ‘கர்ஸ்ஃபோர்ஜ்’ போன்ற அறியப்பட்ட தளங்களிலிருந்தே பதிவிறக்க வேண்டும். கடவுச்சொல் கேட்கும் எதையும் நிறுவலாகாது. நமக்குப் பதிலாகத் தானே ஆடும் ‘பாட்’ மென்பொருள் துணைநிரல் அன்று. அதைப் பயன்படுத்தினால் கணக்கே முடக்கப்படலாம்.

திறந்த நிரல் என்பதால், ஏற்காட்டு மாணவரும் அதைப் படித்து நிரலாக்கம் கற்கலாம். நம் பிள்ளைகள் நுகர்வோராக மட்டும் நின்றுவிடாமல் ஆக்குவோராகவும் உயர, விளையாட்டே ஒரு வழி திறக்கிறது. அதைக் காட்டித் தருவது பெற்றோர், ஆசிரியர் கடமை.