வால்வை அணைக்காதே: ஒரு தபால் திணைக்களப் பொறியியலாளரின் பிடிவாதம்

எங்கட பயிற்சி அறையில் ஒரு பழைய வால்வு அம்ப் நிற்கிறது. பிளேன்ரீ குடிக்க வெளியே போகும்போதெல்லாம் அதை வைத்து ஒரு சண்டை வரும். "ஓஃப் பண்ணீட்டு வாங்கோடா, வால்வு எரிஞ்சு போகும்" என்பார் ஒரு அண்ணா. "அடிக்கடி ஓஃப் பண்ணினாத்தான் எரியும், விடுங்கோ அண்ணா" என்பான் ட்ரம்ஸ் அடிக்கிறவன். இரண்டு பக்கத்திலும் ஆதாரம் இல்லை, குரல் மட்டும்தான். தேடிப் பார்த்தால், கிட்டத்தட்ட இதே சண்டை 1943இல் இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. அங்கே பணயம் வைக்கப்பட்டது அம்ப் இல்லை, யுத்தம்.

முதலில் வால்வு என்றால் என்ன? காற்று உறிஞ்சப்பட்ட ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே ஒரு இழை கதோட்டைச் சூடாக்கும், சூடான கதோட்டிலிருந்து இலத்திரன்கள் அனோட்டை நோக்கிப் பாயும். குளிர்ந்த இழைக்குத் தடை குறைவு, ஆகவே சுவிச்சைப் போட்டதும் வழமையை விட அதிக கரண்ட் அதற்குள் பாய்கிறது. உலோகமும் கண்ணாடியும் வேறு வேறு அளவில் விரிகின்றன, அணைத்தால் திரும்பச் சுருங்குகின்றன. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிகிறது தானே, அதே கதைதான்.

இதை அனுபவத்தால் அறிந்தவர் ரொமி பிளவர்ஸ். 1905இல் கிழக்கு லண்டனில், கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இரவு வகுப்புகளில் படித்துப் பொறியியலாளராகி, டொலிஸ் ஹில்லில் இருந்த தபால் திணைக்கள ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். அப்போது அங்கே தொலைபேசியும் தபால் திணைக்களத்தின் கீழ்தான். 1930களில் ஆயிரக்கணக்கான வால்வுகளைக் கொண்டு தொலைபேசி இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளை அவர் அமைத்தார். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வால்வு லேசில் பழுதாகாது என்பதை அங்கேதான் கண்டுகொண்டார்.

1943இல் பிளெட்ச்லி பார்க்கில், ஜேர்மன் உயர் கட்டளைப்பீடம் பயன்படுத்திய லொறென்ஸ் மறைகுறியை உடைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. (பலர் நினைப்பதுபோல் இது எனிக்மா இல்லை.) அங்கிருந்த இயந்திரம் இரண்டு கடதாசி நாடாக்களை ஒரே வேகத்தில், ஒன்றோடொன்று பொருந்த ஓட்ட வேண்டியிருந்தது. நாடா இழுபடும், கிழியும். ஒரு நாடாவின் வேலையை வால்வுகளிடம் கொடுத்துவிடலாம் என்றார் பிளவர்ஸ். அதற்கு 1,500க்கு மேல் வால்வுகள் வேண்டும். பிளெட்ச்லியில் பலர் நம்பவில்லை. சில வால்வுகள் உள்ள வானொலியே அடிக்கடி பழுதாகிறது, இத்தனையும் ஒரே நேரத்தில் எப்படி உயிரோடிருக்கும் என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனா அவர்கள் பார்த்ததெல்லாம் தினமும் போட்டு அணைக்கப்படும், அங்கும் இங்கும் தூக்கித் திரியப்படும் வானொலிகளை.

பிளவர்ஸ் டொலிஸ் ஹில்லுக்குத் திரும்பி, தன் மேலதிகாரியின் ஆதரவோடு, சொந்தப் பணத்தையும் போட்டு அதைக் கட்டினார். 1944 பெப்ரவரியில் கொலோசஸ் பிளெட்ச்லியில் வேலை தொடங்கியது. 2,400 வால்வுகள் கொண்ட அடுத்தது ஜூன் 1ஆம் திகதி தயாரானது, நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு ஐந்து நாள் முன்பு. யுத்தம் முடியும்போது பத்து இயந்திரங்கள் இரவு பகலாக, அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு அமெரிக்காவின் எனியக்கும் இதே பாடத்தைப் படித்தது. கிட்டத்தட்ட 18,000 வால்வுகள், முதலில் தினமும் பல எரிந்தன. பெரும்பாலானவை சூடாகும்போதும் ஆறும்போதும் போனவை. அணைப்பதை நிறுத்தியதும் இரண்டு நாளைக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது.

பிளவர்ஸுக்குக் கிடைத்தது 1,000 பவுண். கொலோசஸின் வரைபடங்களை உத்தரவுப்படி அவரே டொலிஸ் ஹில் உலையில் எரித்தார். பின்னர் அதுபோன்ற ஒரு இயந்திரம் செய்ய வங்கிக் கடன் கேட்டபோது, அப்படியொன்று வேலை செய்யாது என்று மறுத்துவிட்டார்கள். ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறேன் என்று சொல்லவும் முடியாது, அரச இரகசியம். 1970கள் வரை அவருடைய பெயரே வெளியில் வரவில்லை. எங்களுக்கு எரிச்சலூட்டும் இடம் இதுதான்: படித்த வட்டத்துக்கு வெளியில் நின்ற ஒரு மனிதர், கையால் தொட்டு அறிந்ததைச் சொன்னார். முதலில் நம்பவில்லை, நிரூபித்த பிறகு வாயைக் கட்டினார்கள்.

அப்போ ட்ரம்ஸ் அடிக்கிறவன் வென்றுவிட்டானா? முழுதாக இல்லை. கொலோசஸின் வால்வுகள் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் சின்னக் கரண்ட் வேலைக்காரர்கள். டொலிஸ் ஹில்லுக்கு அதிக தூரமில்லாத ஹான்வெல்லில், 1960களில் ஜிம் மார்ஷலின் கடையிலிருந்து வந்த அம்ப்களில் வால்வு படும் பாடு வேறு. 100 வாற் மார்ஷலில் பொதுவாக நான்கு இஎல்34 இருக்கும். ஒவ்வொன்றின் இழைக்கு மட்டுமே 9 வாற்றுக்கு மேல் போகிறது. யாரும் வாசிக்காவிட்டாலும் அனோட்டும் கொதித்துக்கொண்டே இருக்கும். கதோட்டின் பூச்சு மணித்தியாலக் கணக்கில் தேய்கிறது. அந்த வெக்கையில் பக்கத்திலுள்ள மின்பகு கொள்ளளவிகளும் மெல்ல வரண்டு போகின்றன.

"ஸ்டான்ட்பையில் விட்டால் போச்சு" என்பவர்களுக்கும் ஒரு கதை உண்டு. எம்ஐடியின் வேர்ள்விண்ட் கணினியில், சூடாக இருந்தும் கரண்ட் ஓடாமல் காத்திருந்த வால்வுகள் வலுவிழந்தன. கதோட்டின் நிக்கலில் இருந்த சிலிக்கன், பூச்சுக்கு அடியில் தடையான ஒரு படலத்தை உருவாக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். அரை மணித்தியால ஸ்டான்ட்பையால் ஒன்றும் ஆகாது. நாட்கணக்கில் விடுவது அம்புக்கு ஓய்வு கொடுப்பதாகாது.

இப்போது நாங்கள் பிளேன்ரீக்குப் போகும்போது அணைப்பதில்லை. பயிற்சி முடிந்து அறையைப் பூட்டும்போது அணைக்கிறோம், ஆளில்லாத அறையில் சூடான இயந்திரத்தை விட்டுப் போவதே ஆபத்து. அணைத்தால் ஆறும்வரை திரும்பப் போடுவதும் இல்லை, நகர்த்துவதும் இல்லை. அண்ணா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.