பால்கனி ரோஜா மஞ்சளாகுதா? முதல்ல எந்த இலைன்னு பாருங்க

ரோஜா இலை மஞ்சளானதும் நர்சரிக்குப் போய் ஏதாவது ஒரு ஸ்ப்ரே வாங்கி வருவது நம்ம வழக்கம். அதுக்கு முன்னாடி, மஞ்சளானது பழைய இலையா, தளிரா என்று பாருங்கள்.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுசா வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. செடி அதைப் பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும். இரும்புச்சத்தை அப்படி எளிதாக இடம் மாற்ற முடியாது. அதனால் அது குறைந்தால் தளிர்தான் மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் இது வரலாம். அப்பார்ட்மென்ட் போர்வெல்லின் சுண்ணாம்புத் தண்ணீரையே மாதக்கணக்கில் ஊற்றினால் மண்ணின் காரத்தன்மை ஏறும், வேரால் இரும்பை உறிஞ்ச முடியாது. மழைநீர் உதவும். உரம் வாங்கினால் 'கீலேட்' வகை இரும்பா என்று கேளுங்கள்.

கரும்புள்ளியும் அதைச் சுற்றி மஞ்சளும் என்றால் பூஞ்சை. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்க, உரக்குழியில் வேண்டாம்.

மண் ஈரமாக இருந்தும் செடி தொங்குதா? தண்ணீர் அதிகமாகி வேர் அழுகுது. வாடியிருக்கேன்னு இன்னும் ஊற்றினால் செடி போயிடும். விரலை இரண்டு இன்ச் உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

டெல்லி மாதிரி வறண்ட வெயிலில் இலையின் அடியில் மெல்லிய வலை தெரிந்தால் அது செம்பேன். சிலந்தி இனம் என்பதால் பூச்சிமருந்துகள் பலவும் இதனிடம் எடுபடாது. காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள்.